பொன்னிறத்துக்குள் ஒளிந்த மயிலை: ஒரு பார்டர் கோலி ஈற்றின் நிகழ்வு ஆய்வு

ஏழு குட்டிகள். இரண்டு கருப்பு வெள்ளை, ஒன்று மெர்ல் (சாம்பல் உடலில் கருந்திட்டுகள்), இரண்டு வைக்கோல் பொன்னிறம், மீதி இரண்டும் ஏறக்குறைய முழு வெள்ளை. அந்தக் கடைசி இரண்டைப் பற்றித்தான் வளர்ப்பாளர் என்னிடம் பேச வந்தார். "மெர்லோடு மெர்லை நான் ஒருநாளும் சேர்த்ததில்லை" என்றுதான் தொடங்கினார். இரண்டு மெர்ல் சேர்ந்தால் காதோ கண்ணோ பழுதான வெள்ளைக் குட்டிகள் பிறக்கலாம். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தெரிந்து சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

பார்டர் கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற மேய்ப்பு நாய்களின் நிறக் கணக்கில் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம் உண்டு. குட்டியின் நிறம் பெற்றோரோடு ஒத்துவராதபோது சிலர் படம் அனுப்பிக் கேட்பார்கள். பல தடவை பதில் எளிது: வேலி தாண்டி வந்த வேறொரு கடுவன். இந்த ஈற்று அப்படி முடியவில்லை. நடுவில் நானும் ஒரு தவறு செய்தேன். அதையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன்.

பெற்றோர்

கடுவனுக்கு நான்கு வயது. மூவண்ண நீல மெர்ல். நீலம் என்பது ஆங்கிலேயர் வைத்த பெயர். அந்த மயிரில் நீலம் எங்கேயும் கிடையாது. கருப்பு நீர்த்துச் சாம்பலாகி, அந்தச் சாம்பலின்மேல் ஆங்காங்கே முழுக் கருப்புத் திட்டுகள் கிடக்கும். திட்டின் ஓரம் கத்தரித்ததுபோல் இராது. ஈரத் தாளைக் கிழித்ததுபோல் பிசிறியிருக்கும். மாட்டுக்கு நிறம் சொல்லும்போது 'மயிலை' என்கிறோமே, இதற்கு அந்தச் சொல்தான் பொருத்தம். இனி அப்படியே சொல்கிறேன். கன்னம், புருவம், கால்கள், வாலடி ஆகிய இடங்களில் இந்தக் கடுவனுக்குச் செம்பழுப்பு. நெற்றிக் கோடு, கழுத்து வளையம், நான்கு பாதங்கள், வால் நுனி வெள்ளை. பார்டர் கோலியில் இந்த வெள்ளை அமைப்பு மிகச் சாதாரணம்.

பெட்டைக்கு மூன்று வயது. பதிவுத் தாளில் நிறம் என்ற கட்டத்தில் "சிவப்பு வெள்ளை" என்று இருந்தது. நன்றாகக் காய்ந்த வைக்கோலின் நிறம். முதுகில் கொஞ்சம் அழுத்தமாகவும், தொடை மயிரிலும் வால் அடியிலும் வெளுத்தும் இருந்தது. அதன் தாய் ஒரு மயிலை. தகப்பன் கருப்பு வெள்ளை. இரண்டு செய்தியும் தாளில் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருந்தன.

வளர்ப்பாளரின் கணக்கு இதுதான். மெர்ல் ஓங்கு பண்பு; மரபணுவின் ஒரே ஒரு படி, அதாவது ஒரு நகல், இருந்தாலும் உடலில் தெரிந்துவிடும். உடலில் தெரியாத நாயிடம் அது இல்லை. பெட்டையின் தாய் மயிலைதான், ஆனால் மயிலையின் குட்டிகளில் சரிபாதிக்கு மெர்ல் போகாது. இந்தப் பெட்டை அந்தப் பாதியைச் சேர்ந்தது. ஆகவே இதை மயிலைக் கடுவனோடு தாராளமாகச் சேர்க்கலாம்.

இதைக் கேட்கிற எவரும் சரி என்றுதான் தலையாட்டுவார்கள். கருப்பு நிற நாய்களில் இது பெரும்பாலும் சரியும்கூட.

முதல் ஊகம்

பிறந்த மூன்றாம் நாள் எடுத்த படங்கள் எனக்கு வந்தன. கண் திறக்கவில்லை. எல்லாக் குட்டிக்கும் மூக்கு இளஞ்சிவப்பு. பிறந்த குட்டிக்கு மூக்கில் கருமை ஏறச் சில வாரங்கள் ஆகும், ஆகையால் அதை வைத்து அந்த வயதில் எதுவும் சொல்ல முடியாது. வெள்ளைக் குட்டிகளில் ஒன்றுக்கு வலது காதுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பொட்டு. மற்றதற்கு வாலடியில் வெளிர்மஞ்சளாக ஏதோ இருந்தது. படத்தைப் பெரிதாக்கினால்தான் தெரிந்தது.

வெள்ளையைக் கூட்டும் மரபணு வேறு ஒன்று உண்டு. 20ஆம் குரோமோசோமில் இருக்கும் எம்.ஐ.டி.எஃப். என்ற மரபணுவின் ஒரு வடிவம் அது. ஒரு படி இருந்தால் வெள்ளை கொஞ்சம் தாராளமாகப் பரவி, பின்னங்காலின் முட்டிவரை ஏறும். இரண்டு படி சேர்ந்தால் உடலின் பெரும்பகுதி வெள்ளையாகிவிடும். கடுவனின் பின்னங்காலில் வெள்ளை முட்டியைத் தொட்டிருந்தது. பெட்டையின் காலிலும் அப்படித்தான். போதாதா? "வெள்ளை கூடிப்போனதுதான், வேறொன்றும் இல்லை, கவலைப்பட வேண்டாம்" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அந்தக் கடைசி இரண்டு சொற்களை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

தலையைப் பார்த்திருக்க வேண்டும். கருவில் நிறமி அணுக்கள் முதுகந்தண்டை ஒட்டிப் பிறந்து, அங்கிருந்து உடலெங்கும் நடந்து போகின்றன. நடை குறைந்தாலோ, எண்ணிக்கை குறைந்தாலோ, தொலைவில் இருக்கும் இடங்கள்தான் முதலில் வெறுமையாக நின்றுவிடும்: பாதம், மார்பு, வால் நுனி, நெற்றியின் நடுக்கோடு. காதையும் கண்ணையும் சுற்றிய இடங்களில் நிறம் கடைசிவரை பிடிவாதமாக நிற்கும். அதனால்தான் எம்.ஐ.டி.எஃப். வழி வந்த வெள்ளை நாய்க்குப் பெரும்பாலும் உடல் வெளுத்தாலும் தலை நிறத்தோடு இருக்கும். கோலிகளில் இதற்கு 'நிறத்தலை வெள்ளை' என்றே பெயர். இந்த இரண்டு குட்டிகளுக்கும் தலை முழுவதும் வெள்ளை. படத்தில் அது பளிச்சென்று தெரிந்தது. நான் பார்க்கவில்லை. மெர்லோடு மெர்லைச் சேர்க்கவில்லை என்று அவர் சொன்னதும் அந்த வழியை நான் என் மனத்தில் அடைத்துவிட்டிருந்தேன்.

தட்டும் மூக்கும்

ஐந்தாம் வாரம் நேரில் போனேன். பலகை அடித்த தொட்டிக்குள் ஏழும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிக் கிடந்தன. வளர்ப்பாளர் உணவுத் தட்டைத் தரையில் வைத்தபோது 'ணங்' என்று ஓசை எழுந்தது. ஆறு குட்டிகள் துள்ளி எழுந்து ஓடின. காதருகே சாம்பல் பொட்டு வைத்த வெள்ளைக் குட்டி மட்டும் அசையவில்லை. ஒட்டிப் படுத்திருந்தவை விலகியதில் முதுகில் குளிர் பட்டதோ என்னவோ, சற்றுப் பொறுத்துத் தலையைத் தூக்கியது; வெறுந்தொட்டியைச் சுற்றுமுற்றும் பார்த்தது; பிறகுதான் ஓடியது.

"ஏழிலும் இதுதான் சாது. நல்ல தூக்கம்" என்றார் அவர்.

எல்லாம் தட்டில் வாய் வைத்தபிறகு, பின்னால் போய் நின்று சாவிக்கொத்தை உலுக்கினேன். ஆறு தலைகள் திரும்பின. அது தட்டிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. இன்னொரு முறை உலுக்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை, அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் தாய் நாய் வந்து என் கையை முகர்ந்தது. அப்போதுதான் அதன் முகத்தை முதன்முதலாக அருகில் பார்த்தேன். எனக்கு வந்திருந்த படம் பக்கவாட்டில் எடுத்தது. மூக்கு நிழலுக்குள் இருந்தது. நேரில் அந்த மூக்கு கருப்பு. ஈரத்தில் மினுங்கும் கரிக்கட்டைக் கருப்பு. இமை ஓரமும் கருப்பு. பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன், அடித்தசையும் கருப்பு. ஆனால் உடலில் ஒரு கருமயிர்கூட இல்லை; மீசை முடி உட்பட எல்லாம் வெளிர் நிறம். இடது நாசியின் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு இளஞ்சிவப்பு வெட்டு. இடது கண்ணில், பழுப்புக் கருவிழியின் கீழ்ப்பாகத்தில், ஆப்பு வடிவில் ஒரு நீலத் துண்டு.

"இந்தக் கண் பிறவியிலேயே இப்படியா?" என்று கேட்டேன்.

"ஆமாம். நெற்றியில் வெள்ளை இறங்கினால் கண்ணில் நீலம் விழும் என்பார்களே."

விழும்தான். முகத்தில் வெள்ளை அதிகமுள்ள பார்டர் கோலிகளில் நீலக்கண் வருவது உண்மை. ஆனால் நீலத் துண்டு, மூக்கில் வெட்டு, தாய் வழியில் மயிலை, தலை வெளுத்த இரண்டு குட்டிகள் என்று நான்கும் ஒரே இடத்தில் கூடி நின்றால் சந்தேகப்படாமல் இருக்க முடியாது.

இரண்டு சிவப்புகள்

தாளில் இருந்த "சிவப்பு" என்ற சொல்லுக்கு மேய்ப்பு நாய் வளர்ப்பவர்களிடையே இரண்டு பொருள் உண்டு. இரண்டுக்கும் ஒன்றோடொன்று எந்த உறவும் கிடையாது.

ஒன்று, கருப்பு பழுப்பாவது. டி.ஒய்.ஆர்.பி.1 என்ற மரபணு பழுதானால் கரு நிறமி முழுமையாகத் தேறாமல் ஈரல் நிறத்தில் நின்றுவிடும். உடலில் எங்கெல்லாம் கருப்பு வர வேண்டுமோ அங்கெல்லாம் பழுப்பு வரும். மூக்கும் இமையோரமும் பாதமும் அதில் அடக்கம். ஆஸ்திரேலியன் ஷெப்பர்டில் சிவப்பு என்றால் இதுதான். பார்டர் கோலியில் சிலர் இதைச் சாக்லேட் என்பார்கள், சிலர் சிவப்பு என்பார்கள்.

மற்றது, மயிரில் கரு நிறமியே உருவாகாமல் போவது. எம்.சி.1.ஆர். என்ற மரபணு ஒரு புரதத்தை ஆக்குகிறது. 317 அமினோ அமிலங்கள் கொண்டது. நிறமி அணுவின் மேல்தோலில் அது சுவிட்சுபோல் உட்கார்ந்திருக்கும். சுவிட்சு போட்டால் கரு நிறமி, அணைத்தால் செம்மஞ்சள் நிறமி. 'இ' எனப்படும் பழுதுபட்ட வடிவத்தில் 306ஆம் இடத்திலேயே புரதம் முறிந்துவிடுகிறது. சுவிட்சு நிரந்தரமாக அணைந்தே கிடக்கிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான படி வந்தால், அந்த நாயின் மயிர் முழுவதும் செம்மஞ்சள் குடும்பத்தில்தான் இருக்கும்: அடர்சிவப்பு முதல் வெளிர்க் கிரீம் வரை. தோல் இந்தச் சுவிட்சுக்குக் கட்டுப்படாததால் மூக்கு கருப்பாகவே இருக்கும். வயதில் சற்று வெளுக்கலாம்.

ஆக, மூக்கைப் பார்த்தாலே எந்தச் சிவப்பு என்று சொல்லிவிடலாம். ஈரல் மூக்கு என்றால் முதலாவது, கருமூக்கு என்றால் இரண்டாவது. கருமயிரே இல்லை என்பது இன்னொரு உறுதி. சேபிள் நிறமாக இருந்திருந்தால் முதுகு மயிரின் நுனியிலாவது கருப்பு இருந்திருக்கும். பெட்டை இரண்டாம் வகை. பதிவுத் தாள் எழுதியவர் மூக்கைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. பார்த்திருந்தாலும் எழுத அங்கே கட்டம் இல்லை.

விடை கடுவனின் புருவத்தில்

இதனால் மெர்லுக்கு என்ன? வளர்ப்பாளரும் இதைத்தான் கேட்டார். நான் கடுவனைக் கூப்பிடச் சொன்னேன்.

அதன் முதுகில் கருப்பு எப்படிக் கிழிந்து கிடக்கிறது என்று விரலால் காட்டினேன். பிறகு புருவத்துச் செம்பழுப்புப் பொட்டைக் காட்டினேன். அதில் கிழிசல் ஒன்றுமில்லை. கன்னத்தில் இல்லை, காலில் இல்லை. உடலெங்கும் மெர்ல் ஓடியிருக்கிறது, செம்பழுப்பு இருக்கும் இடத்தை மட்டும் தொடவில்லை. ஏன்?

2006ஆம் ஆண்டு டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் லீ ஆன் கிளார்க் உள்ளிட்ட குழு, ஷெட்லாண்ட் ஷீப்டாக் நாய்களை வைத்துத் தொடங்கிய ஆய்வில் மெர்லின் காரணத்தைக் கண்டறிந்தது. பி.எம்.இ.எல். என்ற மரபணுவுக்குள் வேறொரு டி.என்.ஏ. துண்டு வந்து செருகிக்கொண்டிருக்கிறது. அந்த மரபணு செய்யும் வேலை, நிறமி அணுவுக்குள் பாவு நூல்போல் நார்களைக் கட்டுவது. கரு நிறமி அந்த நார்களின்மேல்தான் படியும். பாவு சரியில்லாவிட்டால் கருப்பு படியாமல் நீர்த்துப்போகும். செம்மஞ்சள் நிறமிக்கு அந்தப் பாவு தேவையில்லை. அதனால் ஒரு படி மெர்ல் அதை ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை.

செருகிய துண்டின் வால் பகுதியில் ஒரே எழுத்து வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும். அணுக்கள் பெருகும்போது அந்த வால் சில அணுக்களில் குட்டையாகிவிடுகிறது. குட்டையானால் மரபணு மறுபடி ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கும். அந்த அணுவின் வழிவந்தவை எல்லாம் முழுக் கருப்பு. மயிலையின் உடலில் கருந்திட்டுகள் கிடப்பது அதனால்தான். எந்த இரண்டு மயிலைக்கும் திட்டு ஒன்றுபோல் அமையாததும் அதனால்தான். இதைப் படித்த நாளில் ஒரு மயிலை நாயை வெகுநேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றுக்குள் நடந்த ஒரு விபத்தின் வரைபடம் முதுகில் அப்படியே விரிந்து கிடந்தது.

இப்போது பெட்டைக்குத் திரும்பலாம். உடலெங்கும் செம்மஞ்சள் நிறமி மட்டுமே உள்ள நாய்க்கு மெர்ல் இருந்தால் எங்கே தெரியும்? கிழிபட வேண்டிய கருப்பே அங்கில்லை. "ஓங்கு பண்பு ஒளிந்திருக்காது" என்ற விதி கருப்புள்ள நாய்க்கு மட்டும் எழுதிய விதி. வளர்ப்பாளர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்படியானால் இதன் புருவம் முழுவதும் இதன் உடல்" என்றார். நான் அரைமணி நேரம் சொன்னதைவிட அது தெளிவாக இருந்தது.

சோதனை

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து, பெற்றோர் இருவருக்கும் ஏழு குட்டிகளுக்கும் மாதிரி எடுத்து அனுப்பினோம். முதலில் தகப்பன் யார் என்ற கேள்வி தீர்ந்தது: ஏழுக்கும் அதே கடுவன்தான். பெட்டையிடம் பழுதான எம்.சி.1.ஆர். இரண்டு படி. ஈரல் நிற மரபணு ஒரு படிகூட இல்லை. தாளில் எழுதியிருந்த அர்த்தத்தில் அது சிவப்பு நாயே கிடையாது. மெர்ல் ஒரு படி இருந்தது.

அந்த மெர்ல் எந்த நீளம் என்பதையும் கேட்டு வாங்கினேன். செருகிய துண்டின் வால் பிறவியிலேயே மிகக் குட்டையாக இருந்தால், கருப்பு நாயிலும் மெர்ல் கண்ணுக்குத் தெரியாது. அதை மறைமெர்ல் என்கிறார்கள். ஆய்வகங்கள் இந்த நீளத்தை டி.என்.ஏ. எழுத்துகளின் எண்ணிக்கையில் அளந்து சொல்லும். 200 முதல் 230 வரை என்றால் மறைமெர்ல். 265 முதல் 268 வரை என்றால் நாம் மயிலை என்று அடையாளம் காணும் முழு மெர்ல். இரண்டுக்கும் நடுவில் பல நிலைகள் உண்டு. பெட்டையுடையது முழு மெர்ல். அதாவது மெர்ல் பலவீனமானதால் ஒளியவில்லை. முழு பலத்தோடு இருந்தும், எழுத இடமில்லாமல் சும்மா இருந்தது.

வெள்ளைக் குட்டிகள் இரண்டிடமும் மெர்ல் இரண்டு படி. பெற்றோர் இருவரிடமும் ஒவ்வொரு படி இருந்தால் நாலில் ஒரு குட்டிக்கு இரட்டை மெர்ல் வரும்; ஏழில் இரண்டு என்பது கணக்குக்கு மிக நெருக்கம். இரண்டு படி சேர்ந்துவிட்டால் நிறம் நீர்ப்பதோடு நிற்பதில்லை, பல இடங்களில் நிறமி அணுக்களே இல்லாமல் போகின்றன. அப்போது பொன்னிறத்துக்கும் விடிவு கிடையாது.

கடுவனைப் பற்றியும் ஒரு செய்தி தெரிந்தது. அதனிடம் பழுதான எம்.சி.1.ஆர். ஒரு படி இருந்தது. அது இல்லாவிட்டால் பொன்னிறக் குட்டிகள் பிறந்திருக்காது. அதன் முன்னோரில் பொன்னிறமே கிடையாது என்று வளர்ப்பாளர் சாதித்தார். தாளில் உள்ளவரை கிடையாதுதான். ஒடுங்கு பண்பு தலைமுறை தலைமுறையாக ஒலியில்லாமல் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஒரு ஓங்கு பண்பு அந்த ஒடுங்கு பண்பின் போர்வைக்குள் படுத்துக்கொள்ளும் என்பதுதான் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

குட்டிகளைப் பார்த்துத் தாயை வாசித்தல்

இது வழக்குக்கு அவசியமில்லாத பகுதி. ஆனால் நிறக் கணக்கு பிடித்தவர்களுக்கு இதில்தான் சுவை.

பொன்னிறப் பெட்டையின் அடியில் உண்மையில் என்ன நிறம் இருந்தது? நாயைப் பார்த்தால் தெரியாது, குட்டிகள் சொல்லும். கடுவனுக்குச் செம்பழுப்புப் புருவம் இருப்பதால், அதை அனுமதிக்கும் மரபணு வடிவங்கள் அதனிடம் இரட்டைப் படியாக இருக்க வேண்டும். கருப்பு வெள்ளைக் குட்டிகள் இரண்டில் ஒன்றுக்குப் புருவப் பொட்டு இருந்தது, மற்றதற்கு இல்லை. மயிலைக் குட்டிக்கும் இல்லை. பொட்டை அழித்து உடல் முழுவதையும் கருப்பாக்கும் ஓங்கு கருப்பு மரபணு கடுவனிடம் இருக்க வழியில்லை. ஆகவே அது தாயிடமிருந்து வந்தது. பொட்டு வைத்த குட்டியும் பிறந்திருப்பதால் தாயிடம் ஓங்கு கருப்பு ஒரு படிதான் உண்டு. செம்பழுப்புப் பொட்டுக்கான அகூட்டி மரபணுவும் ஒரு படியாவது உண்டு.

ஓங்கு கருப்பு, அதன்மேல் ஒரு படி மெர்ல். அந்தப் பொன் சட்டையைக் கழற்ற முடிந்தால் உள்ளே நிற்பது புருவப் பொட்டில்லாத ஒரு மயிலை. ஏழு குட்டிகளில் இருந்த ஒரே மயிலைக் குட்டிதான் தாயின் உண்மையான சாயல்.

காதும் கண்ணும்

ஆறாம் வாரம் கேட்புச் சோதனை நடந்தது. காதில் டிக் டிக்கென்ற ஒலி செலுத்தி, தலைத்தோலில் செருகிய மெல்லிய ஊசிகள் வழியாக மூளைத்தண்டின் மின்னலைகளைப் பதிவுசெய்வது. கேட்கும் காதென்றால் திரையில் மேடும் பள்ளமுமாக அலை எழும். கேளாத காதுக்கு நேர்கோடு. சாம்பல் பொட்டுக் குட்டிக்கு இரண்டு பக்கமும் நேர்கோடு. வெளிர்மஞ்சள் பொட்டுக் குட்டிக்கு இரண்டு பக்கமும் ஒழுங்கான அலை.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. உட்செவியின் நத்தையெலும்புக்குள் ஒரு பட்டை இருக்கிறது. அங்கேயும் நிறமி அணுக்கள் குடியிருக்க வேண்டும். கேட்கும் அணுக்களைச் சூழ்ந்த திரவத்தில் பொட்டாசியத்தையும் மின்னழுத்தத்தையும் அவைதான் காக்கின்றன. அவை இல்லையென்றால் கேட்கும் அணுக்கள் பிறந்த சில வாரங்களில் மடிந்துவிடும். காதுமடலில் நிறம் இருந்தால் உள்ளேயும் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது நிச்சயமில்லை, செவிடான குட்டிக்குத்தான் காதருகே பொட்டு இருந்தது.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் குழு 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் பல இனங்களைச் சேர்ந்த 153 மெர்ல் நாய்களைச் சோதித்தார்கள். ஒரு படி மெர்ல் உள்ளவற்றில் 2.7 விழுக்காடு ஒரு காதிலும், 0.9 விழுக்காடு இரு காதிலும் செவிடு. இரண்டு படி உள்ளவற்றில் அது 10, 15 விழுக்காடு. இரட்டை மெர்ல் என்றாலே செவிடும் குருடும் என்று பேசுவது மிகை. நாலில் மூன்று கேட்கின்றன. அதற்காக நாலில் ஒன்றை அற்பமாக எடுத்துக்கொள்ள முடியுமா? சில நூறு மீட்டர் தொலைவில் மந்தையை வளைக்கும் நாய்க்கு, வலம் போ, இடம் போ, படு என்பதெல்லாம் விசில் ஒலியில்தான் போய்ச் சேர்கிறது.

கேட்கிற குட்டிக்குக் கண்ணில் குறை இருந்தது. இரண்டு கண்ணும் இயல்பைவிடச் சிறியவை. வலது பாவை நடுவில் இல்லாமல் கீழே வழிந்து, ஓரம் நட்சத்திரம்போல் பிசிறியிருந்தது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். பார்வை இருக்கிறது.

அருகருகே இரண்டு பொன்னிறம்

வெள்ளைக் குட்டிகளை யாரும் தவறவிட முடியாது. அவற்றைப் பார்த்தவுடனே கேள்வி எழும். எனக்குப் பயம் மற்ற இரண்டைப் பற்றித்தான்.

பொன்னிறக் குட்டிகள் இரண்டையும் மடியில் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கு மூக்கின் நுனியில் இளஞ்சிவப்பு இன்னும் இருந்தது. மற்றதற்கு மூக்கு முழுக் கருப்பு; இரு கண்ணும் ஒரே பழுப்பு; மாசில்லாத முகம். தாயின் மூக்கு வெட்டு நினைவில் இருந்ததால் முதலாவதுதான் மெர்லைச் சுமக்கிறது என்று வளர்ப்பாளரிடம் அடித்துச் சொன்னேன். முடிவு வந்தபோது நேர்மாறாக இருந்தது. வெட்டு உள்ள குட்டியிடம் மெர்ல் இல்லை. அதன் மூக்கில் கருமை ஏறக் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். மாசில்லாத முகத்துக்காரியிடம் ஒரு படி முழு மெர்ல். இந்த வழக்கில் என் கண்ணை நம்பியது இரண்டாவது முறை. இரண்டு முறையும் கண் ஏமாற்றியது.

அந்தக் குட்டியை "சிவப்பு வெள்ளை" என்று பதிந்து விற்றிருந்தால், இரண்டு ஆண்டு கழித்து யாரோ ஒருவர் அதே நேர்மையோடு, அதே கணக்கைப் போட்டு, அதை ஒரு மயிலைக் கடுவனிடம் அழைத்துப்போயிருப்பார்.

பதிவுத் தாளின் சிறு கட்டம்

இந்த இனம் நிறத்துக்காக உருவானதில்லை. இன்றைய பார்டர் கோலிகளின் மூதாதை என்று சொல்லப்படும் ஓல்ட் ஹெம்ப் 1893ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபரிடம் பிறந்தது. அதை நாடி மேய்ப்பர்கள் வந்தது, குரைக்காமல் பார்வையால் ஆட்டை நகர்த்தும் அதன் பாங்குக்காக. 1906இல் தோன்றிய பன்னாட்டு ஷீப்டாக் சங்கமும் நாயின் வேலையைத்தான் எடைபோட்டது. பின்னாளில் எழுதப்பட்ட இனத் தரவரைவு எல்லா நிறமும் ஏற்கத்தக்கது, வெள்ளை மட்டும் மிகுந்திருக்கக் கூடாது என்று நிறத்தைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறது. அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடிக்கும். நிறத்துக்காக நாய் வளர்ப்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

ஆனால் நிறம் முக்கியமில்லை என்பது வேறு, நிறத்தை ஏனோதானோவென்று எழுதுவது வேறு. மெர்லும் மெர்லும் சேர்ந்த ஈற்றைப் பதிய மறுக்கும் பதிவகங்கள் இருக்கின்றன. பிரிட்டனின் கென்னல் கிளப் அவற்றில் ஒன்று. நல்ல விதி. அந்த விதி நாயைப் பார்ப்பதில்லை, தாளில் எழுதிய நிறத்தைப் பார்க்கிறது. இந்தப் பெட்டையின் தாளில் சிவப்பு என்று இருந்தது; விதி வழிவிட்டது. வளர்ப்பாளரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் அக்கறையில்லாமல் நடக்கவில்லை, தாய்வழி மயிலை என்பதை மறைக்கவில்லை. பொன்னிற நாயின் வழியில் எங்காவது மயிலை இருந்தால், சேர்ப்பதற்கு முன் ஒரு பஞ்சுக் குச்சி போதும் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேனா என்றும் யோசித்துப் பார்த்தேன். மூக்கு நிழலில் இருந்த அந்தப் படத்தைத்தான் எனக்கும் அனுப்பியிருப்பார்.

பெட்டைக்குக் கருத்தடை ஆயிற்று. செவிட்டுக் குட்டி, செவிட்டு நாயை ஏற்கெனவே வளர்த்த ஒரு குடும்பத்துக்குப் போயிற்று. கைச்சைகையில் 'உட்கார்', 'வா', 'நில்' மூன்றும் எட்டாம் வாரத்துக்குள் படிந்துவிட்டன. தூங்கும்போது எழுப்ப வேண்டுமானால் தரையைக் காலால் தட்டுகிறார்களாம், அதிர்வில் கண் திறக்கிறது. கண் குறையுள்ளதை வளர்ப்பாளரே வைத்துக்கொண்டார்.

மாசில்லாத முகமுள்ள பொன்னிறக் குட்டிக்குப் பதிவுத் தாள் நிரப்பும்போது நான் அருகில் இருந்தேன். நிறத்துக்கான கட்டம் இரண்டு சொல்லுக்கு மேல் கொள்ளாது. அவர் எழுத்தைப் பொடியாக்கி, "பொன் வெள்ளை, கருமூக்கு, உள்ளே மெர்ல் ஒரு படி, சோதித்தது" என்று எழுதினார். வரி கட்டத்தைத் தாண்டி, தாளின் ஓரத்தில் இறங்கி, தகப்பன் பெயருக்கு மேலே போய் முடிந்தது. மூன்று வாரம் கழித்துத் தாள் திரும்பி வந்தது. கட்டத்துக்கு வெளியே எழுதக் கூடாது என்று ஒரு குறிப்பு. அவர் கட்டத்தில் "பொன் வெள்ளை" என்று மட்டும் எழுதி, மீதியை வேறொரு தாளில் எழுதி, இரண்டையும் குண்டூசியால் குத்தி மறுபடி அனுப்பினார்.